தொடரில் சாகாத பெண்

இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போவதற்கும் நேரம் குறிக்க வேண்டும். வியாழக்கிழமை மூன்று மணி என்று பெட்ரீசியா சொன்னால் மூன்று மணிதான். டீயோடு அவள் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பாள், நானும் பார்ப்பேன். இங்கிலாந்தில் இந்த லெஸ்டருக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. நான் பேசும் ஆங்கிலத்தில் பாதி அந்தத் தொடர் கொடுத்ததுதான்.

போன வாரம் அதில் பள்ளி இறுதி வகுப்புப் பெண் ஒருத்தி, தன் தோழியைத்தான் விரும்புவதாக அம்மாவிடம் சொன்னாள். நான் சோபா நுனிக்கு வந்துவிட்டேன். இப்போது அடி விழும், இல்லாவிட்டால் இவள் விஷம் குடிப்பாள் என்று காத்திருந்தேன். அந்த அம்மா, "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டாள். என் கண் கலங்கியதைப் பார்த்த பெட்ரீசியா, எனக்கு அருவருப்பாகிவிட்டதென்று நினைத்து, "சாரி" என்று டிவியை அணைத்தாள். அப்படியில்லை என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. தமிழிலும் போதாது.

கோவையில் எம்.எஸ்ஸி. படித்தபோது விடுதியில் நானும் செல்வியும் ஒரே அறை. அவள் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் மகள். நான் கோட்டைமேட்டுப் பாத்திரக்கடைக்காரர் மகள். ஒரு ஞாயிறு, கூடத்து டிவியில் போட்ட நாடகத்தில், தோழியைப் பிரிய மாட்டேன் என்ற பெண் புத்தி பேதலித்துக் கிணற்றில் விழுந்தாள். கூடமே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அறைக்கு வந்ததும் சேர்த்துப் போட்டிருந்த கட்டில்களை ஆளுக்கொரு சுவரோரம் இழுத்துக்கொண்டோம். எங்களை யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

படிப்பு முடிந்த வருஷமே இருவருக்கும் கல்யாணம் ஆனது. என் கணவர் நல்லவர். அதனாலேயே அவரிடம் குறை சொல்லவும் எனக்கு வழியில்லை.

தொடரின் மீதியை வீட்டில் தனியாகப் பார்த்தேன். ஞாயிறு மத்தியானம் செல்விக்குப் போன் செய்து கதை முழுவதையும் சொன்னேன்.

"அப்பறம் அந்தப் புள்ள எப்படிச் செத்தா?" என்றாள்.

"சாகலை செல்வி. மறுநாள் பரீட்சை எழுதப் போயிட்டா."

"நெசமாவா கண்ணு?"

"நெசமாத்தான்."

"நம்மளை ஒருத்தரும் கேக்கவே இல்லையே" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

அவளுக்குப் பின்னால் ஓர் ஆண்குரல், "இன்னும் போன்லயேவா இருக்கறே? வா இங்க" என்றது.

"வாரேனுங்க" என்று நான் சொன்னேன். கூப்பிட்டது செல்வியின் கணவர். அவள் போனை வைத்துவிட்டாள். லெஸ்டர் அடுக்களையிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்து, "நான் கூப்பிடலியே" என்றார்.