இரண்டாவது கோல்கீப்பர் பட்டாபி

பட்டாபி கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்குகிறவன். திருவனந்தபுரத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் அணியில் கோல்கீப்பர். இதைக் கேட்டதும் கல்யாண வீடுகளில் பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எந்த ஆட்டத்தில் பார்த்தோம் என்று யோசிப்பார்கள். அவர்கள் சிரமப்பட வேண்டாம் என்று பட்டாபியே மீதியையும் சொல்லிவிடுவான்.

"ரெண்டாவது கோல்கீப்பர்."

மற்ற ஆட்டக்காரர்களுக்குக் கால் வலித்தால், மூச்சு வாங்கினால், ஆட்டம் சரியில்லை என்றால் ஆள் மாற்றுவார்கள். கோல்கீப்பரை அப்படி மாற்றுவதில்லை. முதல் ஆள் எழ முடியாமல் விழுந்தால்தான் இரண்டாவது ஆளுக்கு வேலை. முதல் ஆள் லிஜோ, பாறசாலைக்காரன். ஆட்டத்துக்கு இருபது தடவை விழுவான். இருபது தடவையும் எழுந்துவிடுவான்.

பட்டாபி வளர்ந்தது கரமனை அக்ரஹாரத்தில். தெருதான் மைதானம். தெருவின் கடைசி வீட்டு மாமி வாசலில் வேட்டியை விரித்து வடாம் காயப்போடுவாள். பந்து வடாமில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. பந்து மாமியின் சமையலறைக்குள் போய்விடும், கேட்டால் வராது. அதனால் அந்தத் தெருவில் கோல் அடிக்கிறவனைவிட வடாமைக் காக்கிறவன் முக்கியம். பட்டாபிக்குக் கை நீளம். அவனை வடாமுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அதன் பிறகு வேறு இடத்தில் நிற்க அவனுக்கு ஆசை வரவில்லை. பள்ளிக்கூட அணியிலும் கல்லூரி அணியிலும் அவன்தான் முதல் கோல்கீப்பர். அந்தச் சிறப்புக்காகத்தான் வங்கி அவனை எடுத்தது. காலையில் பயிற்சி, பிறகு கிளையில் கவுண்டர், ஆட்ட நாட்களில் கவுண்டருக்கு விடுப்பு.

அவன் சேர்ந்தபோது வேறொருவர் கோலில் நின்றார். அவர் ஓய்வு பெறும்வரை பட்டாபி பொறுமையாக உட்கார்ந்திருந்தான். அவர் ஓய்வு பெற்ற மாதம், அணியின் பயிற்சியாளர் கிரிஷ் ஸார் பாறசாலைப் பக்கம் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டி ஒன்றைப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது ஜீப்பில் லிஜோ இருந்தான்.

லிஜோவைப் பட்டாபிக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. அதுதான் சங்கடம். பிடிக்காமல் போயிருந்தால் அவன் விழுகிறானா என்று நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

இரண்டாவது கோல்கீப்பருக்கு ஒரு வேலை உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் முதல் கோல்கீப்பருக்குப் பந்து அடித்துக் கொடுத்து உடம்பைச் சூடாக்க வேண்டும். உயரத்தில், தாழ்வில், வலதில், இடதில் என்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். லிஜோவின் உடம்பை லிஜோவின் மனைவியைவிடப் பட்டாபிக்கு நன்றாகத் தெரியும் என்று அணியில் கேலி செய்வார்கள். லிஜோ இரவு சரியாகத் தூங்கவில்லை என்றால் மூன்றாவது பந்திலேயே பட்டாபிக்குத் தெரிந்துவிடும்.

ஆட்டமே ஆடவில்லை என்று சொல்லக் கூடாது. நட்பு ஆட்டங்களில் ஆடியிருக்கிறான். லீக்கில் ஒரு முறை, கடைசி நிமிஷத்தில் லிஜோ ஒருவனைத் தள்ளிவிட்டுச் சிவப்பு அட்டை வாங்கினான். எதிரணிக்குப் பெனால்டி. பட்டாபி பெஞ்சிலிருந்து ஓடி வந்து கோலில் நின்றான். பந்து வந்தது, அவனைத் தாண்டிப் போனது. நடுவர் விசில் ஊதிவிட்டார். அன்றைக்கு அவன் செய்த வேலை, வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து நடுவர் கையில் கொடுத்தது.

முப்பத்தாறு வயதானால் அணியை விட்டுவிட்டு முழு நேரமும் கவுண்டரில் உட்கார வேண்டும் என்பது வங்கியின் ஏற்பாடு. பட்டாபிக்கு இந்த சீசன்தான் கடைசி. லீக்கில் ஒரு ஆட்டம்தான் பாக்கி. அதில் தோற்காமல் இருந்தால் கோப்பை வங்கிக்கு. முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை லீக் ஆட்டம் ஒன்றில்கூட நின்றதில்லை என்பதைப் பட்டாபி வீட்டில் சொல்லிக் குறைப்பட்டதில்லை. ஒரு முறை ரசம் சாதம் பிசைந்துகொண்டே, "ஒண்ணாவது நின்னிருக்கலாம்" என்றான். அம்மா சூடாமணி மோர் எடுக்க உள்ளே போனாள். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, பயிற்சி முடிந்து டீ குடிக்க ஸ்டேடியத்துப் படி இறங்கும்போது லிஜோவின் இடது கணுக்கால் பிரண்டது. பட்டாபி வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னான்.

சூடாமணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வலியோ?"

"வீங்கியிருக்கு. ஞாயித்துக்கிழமை ஆடறது கஷ்டம்."

"நான்தாண்டா பண்ணிட்டேன்."

"நீ எங்கேம்மா அங்கே வந்தே?"

"பழவங்காடிப் பிள்ளையார்கிட்டே வேண்டிண்டேன். நீ ஒரு ஆட்டம் முழுசா நிக்கணும்னு. நூத்தியெட்டுத் தேங்காய்."

"நான் நிக்கணும்னா அவன் உட்காரணுமே அம்மா."

"அது எனக்கு அப்போ தோணலே. ஆளுக்கு ஒரு பக்கமா ரெண்டு பேரும் நிப்பேள்னு நெனைச்சேன்."

"அந்தப் பக்கத்துல எதிர் டீம்காரன்னா நிப்பான்!"

பட்டாபியின் மனைவி ஸ்மிதா துணி மடித்துக்கொண்டிருந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் துணியில் முகத்தை வைத்துக்கொண்டாள். சூடாமணி சிரிக்கவில்லை. இந்த வீட்டில் எத்தனையோ நாள் அடையும் அவியலும் சாப்பிட்டுப் போன பிள்ளை. அவன் காலை அவளே உடைத்துவிட்டாள். பிள்ளையார் அவ்வளவு சீக்கிரம் கேட்பார் என்று யார் கண்டது?

அன்று சாயங்காலமே பஸ் ஏறி மறுபடியும் பழவங்காடிக்குப் போனாள். இன்னொரு நூற்றெட்டு வேண்டிக்கொண்டாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் லிஜோவின் கால் சரியாக வேண்டும் என்று. திரும்பும்போது சுளுக்குக்குத் தேய்க்கும் முறிவெண்ணெய் ஒரு குப்பி வாங்கி வந்தாள்.

"அப்போ நான் நிக்கறது?" என்றான் பட்டாபி.

"நீயும் நில்லு."

"எப்படிம்மா?"

"அதை நான் சொல்ல முடியுமோ? அவர் பாத்துப்பார்."

முறிவெண்ணெயை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? பட்டாபிதான். கொடுத்தால் மட்டும் போதாது, சூடுபண்ணித் தேய்த்துவிட வேண்டும், அந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது என்றாள். லிஜோவின் மனைவி ஊரில் இருந்தாள். அவன் தம்பானூருக்குப் பின்னால் வங்கியின் விடுதியில் தனியாகக் காலை நீட்டிக் கிடந்தான். பட்டாபி தினமும் கவுண்டர் வேலை முடிந்ததும் ஸ்கூட்டரில் போனான். வேண்டுதல் கதையை முதல் நாளே சொல்லிவிட்டான். பட்டாபியைச் சாமி என்றே கூப்பிடும் லிஜோ கட்டில் ஆடச் சிரித்தான்.

"எனக்க அம்மையும் சர்ச்சுல ஜெபம் வெச்சிருக்கா சாமி. உங்க அம்மா கேஸ் ரெண்டு, எங்க அம்மை கேஸ் ஒண்ணு. மேல அவங்க பேசித் தீத்துக்கிடட்டும்."

"காலை நீட்டு."

"இது சரியாயிட்டா நீரு பெஞ்சு. தெரியும்லா?"

"தெரியும்."

"பின்ன எதுக்கு இந்த அழுத்து அழுத்துகேரு?"

"எண்ணெய் விலை அப்படி. பேசாம இருடா."

வீக்கம் நாளுக்கு நாள் வடிந்தது. தன் கையாலேயே அது வடிவதைப் பட்டாபி பார்த்தான். சனிக்கிழமை லிஜோ அறைக்குள் நடந்து காட்டினான், குதித்தும் காட்டினான். பட்டாபி, "கொள்ளாமே" என்று மலையாளத்தில் மெச்சிவிட்டுக் குப்பியை மூடினான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "உன் ரெண்டாவது கேஸ் ஜெயிச்சாச்சு" என்றான். சூடாமணிக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. மகனுக்கு இன்னொரு கரண்டி நெய் விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேடியத்தில் நல்ல கூட்டம். கிரிஷ் ஸார் ஆடுகிறவர்களின் பெயரைப் படித்தார். முதல் பெயர் லிஜோ. பட்டாபி பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு கோலுக்கு முன்னால் போனான்.

முதலில் நேராக அடித்தான். லிஜோ பிடித்தான். வலதில் அடித்தான். பாய்ந்து பிடித்தான். இடதில் அடித்தான். லிஜோ விழுந்தான், பந்து போய்விட்டது. மறுபடி இடதில் அடித்தான். மறுபடியும் போய்விட்டது. பார்க்கிறவர்களுக்கு அவன் பாய்வதுபோலத்தான் இருக்கும். பட்டாபிக்கு அது பாய்ச்சல் இல்லை. இடது காலால் உந்தாமல் சும்மா சாய்ந்து விழுகிறான்.

"இடதுக்கு அடிக்காதியும்" என்றான் லிஜோ, உதட்டை அசைக்காமல்.

"நான் அடிக்கலேன்னா அவா அடிப்பா."

"ஆட்டத்துல சூடாயிரும் சாமி."

"ஆகாதுடா. அது எனக்குத் தெரியும்."

லிஜோ பந்தைத் திருப்பி உருட்டினான். பட்டாபி அதைக் காலால் நிறுத்தி வைத்துக்கொண்டு நின்றான். சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். சான்ஸுக்காகச் சொல்கிறான் என்பார்கள். அது பொய்யும் இல்லை. லிஜோவின் கால் சரியில்லை என்பதும் பொய் இல்லை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருந்தால் வாயைத் திறப்பது எப்படி? இத்தனை வருஷமும் வாயைத் திறக்காமல் இருந்தே அவனுக்குப் பழக்கம்.

பந்தை அங்கேயே விட்டுவிட்டுக் கிரிஷ் ஸாரிடம் நடந்தான்.

"ஸார், லிஜோவுக்கு இடது பக்கம் வராது. நான் நிக்கறேன்."

கிரிஷ் ஸாருக்குத் தமிழ் வரும். சினிமா பார்த்து வந்த, மலையாளம் கலந்த தமிழ். அவர் பட்டாபியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சொன்னே?"

"நான் நிக்கறேன், ஸார்."

"இத்தனை வருஷத்திலே நீ இது கேட்டதே இல்லையல்லோ?"

"கேக்கலாமா ஸார்?"

"எல்லாரும் கேக்கும். பாதிப் பேர் சண்டை போடும். நீ மட்டும் கேக்கலே. உனக்கு அங்கே உட்காரத்தான் இஷ்டம்னு நான் விசாரிச்சு, நெனைச்சுட்டேன். சின்னச் சின்ன மேட்ச் எல்லாம் எத்தனை இருந்துச்சு பட்டாபி, நான் தந்திருப்பேனே!"

 பட்டாபி வீட்டில் பிள்ளையாரிடம் கேட்டார்கள். கிரிஷ் ஸாரிடம் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் லிஜோவைக் கூப்பிட்டு இடது காலில் மட்டும் குதிக்கச் சொன்னார். லிஜோ ஒரு முறை குதித்தான். இரண்டாவது முறை குதிக்காமல் கையுறையைக் கழற்றினான்.

"சாமி சொன்னா சரி" என்றான். "வாரும், இன்னைக்கு நான் அடிச்சுத் தாரேன். வலது காலால."

ஆட்டம் தொடங்கியது. சிறிது நேரத்திலேயே எதிரணியின் இடது பக்கத்து ஆள் தூரத்திலிருந்து ஒரு பந்தை அடித்தான். பலமில்லாத பந்து. நின்ற இடத்தில் நின்றிருந்தால் காலடிக்கு வந்திருக்கும். பட்டாபி அதை வரவேற்க முன்னால் ஓடினான். பந்து அவனுக்கு முன்னால் தரையில் பட்டு எழும்பித் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. கூட்டத்தில் ஒருவன், "பெஞ்சுக்குப் போ சாமீ" என்று கத்தினான்.

அவனுக்குப் பதில் சொன்னது லிஜோ. பெஞ்சில் உட்கார ஒரு பழக்கம் வேண்டும். லிஜோவுக்கு அது இல்லை. எழுந்து நின்றான், நொண்டிக்கொண்டே கோடுவரை வந்தான், கூட்டத்தைத் திட்டினான், நடுவரைத் திட்டினான், பட்டாபியையும் திட்டினான். "சாமி, எங்கவேய் ஓடுகேரு? அங்கனயே நில்லும்!" நடுவர் வந்து எச்சரித்தார். கிரிஷ் ஸார் லிஜோவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். ஆட்டம் முடியும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

பட்டாபி அங்கேயே நின்றான். வங்கியின் முன்வரிசை நன்றாக ஆடியது. இடைவேளைக்கு முன்னால் ஒரு கோல், பின்னால் ஒரு கோல். வங்கி முந்திவிட்டது. பந்து பெரும்பாலும் அந்தக் கோடியிலேயே இருந்தது. பட்டாபிக்கு வந்தவை கொஞ்சம்தான். காலால் ஒன்றைத் தடுத்தான், ஒன்றைக் கம்பத்துக்கு வெளியே தட்டினான். மற்ற நேரமெல்லாம் வெறுமனே நின்றான். நிற்பது இவ்வளவு வேலை என்று உட்கார்ந்திருந்தபோது தெரிந்திருக்கவில்லை.

முடியப்போகும் நேரத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. இது கோலானால் சமன். சமனானாலும் கோப்பை வந்துவிடும். ஆனால் அதற்குப் பின்னும் சில நிமிஷங்கள் இருந்தன. பந்து காற்றில் வளைந்து வந்தது. "கீப்பர்!" என்று கத்திவிட்டுப் பட்டாபி தாவினான். அந்தச் சத்தம் கேட்டால் தடுப்பாட்டக்காரர்கள் விலகிவிட வேண்டும். அவர்களுக்கு லிஜோவின் குரல்தான் பழக்கம். பட்டாபியின் குரலில் அந்த வார்த்தையை அவர்கள் கேட்டதே இல்லை. இரண்டு பேர் அவனோடு சேர்ந்து தாவினார்கள், எதிரணியில் ஒருவன் அவர்கள் மேல் விழுந்தான். நான்கு பேரும் ஒரு குவியலாகக் கிடந்தார்கள். பந்தைக் காணவில்லை. நடுவர் ஒவ்வொருவராகக் கிளப்பினார். கடைசியாக எழுந்த பட்டாபியின் வயிற்றுக்கும் கைகளுக்கும் நடுவில் பந்து இருந்தது.

நடுவர் கேட்டும் அதை உடனே விடவில்லை.

விசில் ஊதியதும் எல்லோரும் நடுமைதானத்துக்கு ஓடினார்கள். பட்டாபி ஓடவில்லை. லிஜோ நொண்டிக்கொண்டு அவனிடம் வந்தான். கிழிந்த சட்டையின் பின்பக்கம் தொங்கியது.

"எப்படி இருந்துச்சு சாமி?"

"வெயில்டா."

"இம்புட்டு நாள் கழிச்சு இதா சொல்லுகேரு? அங்க கப்பு குடுக்கப் போறாங்க, வாரும்."

"நீ போ. நான் இன்னும் செத்த நின்னுட்டு வரேன்."

லிஜோ போகவில்லை. இடது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கம்பத்தில் சாய்ந்தான். ஃபோட்டோகிராபர் கூப்பிட்டதும் இரண்டு பேரும் அங்கிருந்தே கையைக் காட்டினார்கள்.