நைனாவுக்கு ஒரு நீள ஒயர்

எதைப் பழுது பார்க்க உட்கார்ந்தாலும் எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கரண்ட். அடுத்து கேபிள். அடுத்து மெமரி கார்டு. பிறகு சூடு. கடைசியாக ரிமோட். எங்கள் டிவிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சோப்பு டப்பா அளவுப் பெட்டியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். செஞ்சியில் கோடைக்காலம் என்றால் நான்காவதிலிருந்தே ஆரம்பிக்கலாம். பகலெல்லாம் காய்ந்த பாறைகள் பொழுது சாய்ந்த பிறகும் அனல் விட்டுக்கொண்டிருக்கும்போது, பாவம் அந்தப் பெட்டி என்ன செய்யும்.

மலையிலிருந்து இறங்கிவரும் குரங்குகள் மாடியில் இருந்த டிஷ் கேபிளைத் திரும்பத் திரும்பப் பிய்த்துப் போட்டதால்தான் அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. "இனிமே அது வாணாம். குரங்குக்கு இன்னா தெரியும், அது ஆடிட்டுப் போவுது" என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் அந்தப் பெட்டிக்குள் அடங்கும் ஒரு சின்னக் கணினிப் பலகை வாங்கி, அதில் திறந்த மூல மென்பொருள் ஒன்றைப் போட்டேன். நம்மிடம் இருக்கும் படங்களையும் பாட்டுகளையும் கல்யாண வீடியோக்களையும் டிவியில் அழகாக அடுக்கிக் காட்டும். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். கோளாறு வந்தால் இணையத்தில் அதற்கென்று இருக்கும் குழுவில் எழுதினால், முகம் தெரியாத யாராவது பதில் சொல்வார்கள். நான் அங்கே கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பிறகு வேலைக்கு இடையில் நானும் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் காது மந்தம். வாலிப வயதிலிருந்தே அரிசி மில்லில் வேலை. அவலூர்பேட்டை பக்கத்திலிருந்து வரும் நெல் மூட்டைகள் இறங்குவதிலிருந்து அரிசியாகிக் கிளம்பும்வரை அந்த இரைச்சலுக்குள்ளேயே இருப்பவர். அவருக்காக டிவி சத்தத்தைக் கூட்டினால் எங்களுக்குத் தலைவலி. அதனால் ஒயர் இல்லாத ஹெட்போன் ஒன்று வாங்கினேன். டிவியில் ஒரு சின்னக் கருவியைச் சொருகிவிட்டால், டிவியிலும் சத்தம் வரும், நைனாவின் காதிலும் வரும். முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு, "விமானம் ஓட்டறவன் மாதிரி இருக்குதா?" என்று கேட்டார். அன்றைக்குப் போட்டது அவருக்கு மிகவும் பிடித்த பழைய படம். விழுந்து விழுந்து சிரித்தார். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் ஒரு மாறுதல் தெரிந்தது. பழைய படம் என்றால் உட்கார்ந்து சிரிப்பார். புதுப் படம் என்றால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கூட்டுரோட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். அப்புறம் பழைய படத்துக்கும் உட்காரவில்லை. சாப்பிட்டதும் செருப்பு மாட்டும் சத்தம் கேட்கும். ஒரு நாளில் மூன்று பேரும் ஒன்றாக உட்காரும் நேரம் அது ஒன்றுதான்.

"டிவியை ரிப்பேர் பண்றேன்னு சொல்லி மனுஷனையே வீட்ட விட்டுத் தொரத்திட்ட" என்றாள் அம்மா.

பழையது சரியாக ஓடுகிறது, புதியது ஓடவில்லை. என்னைப்போல் படித்தவளுக்கு இதைவிட நல்ல தடயம் வேண்டுமா? புதுப் படங்கள் வேறு முறையில் சுருக்கப்பட்டவை. அதைப் பிரித்துக் காட்டும் திறன் எங்கள் சின்னப் பலகையில் இல்லை, அதனால் எங்கோ தடுமாறுகிறது என்று முடிவு செய்தேன். இருந்த புதுப் படங்களை எல்லாம் பழைய முறைக்கு மாற்றினேன். நாள்கணக்கில் என் லேப்டாப் அந்த வேலையையே செய்து கொதித்தது. நைனா வந்து ஐந்து நிமிடம் பார்த்தார். "நல்லா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

வேறு வழியில்லாமல் குழுவில் எழுதினேன். பெட்டியின் வகை, மென்பொருளின் பதிப்பு, செய்து பார்த்தவை, பெட்டி தானே எழுதிவைக்கும் இயக்கப் பதிவு, எல்லாம் ஒழுங்காக இணைத்திருந்தேன். எந்த ஊர்க்காரர் என்று தெரியாத ஒருவர் மறுநாள் பதில் போட்டிருந்தார். பதிவு முழுவதையும் படித்தேன், உங்கள் பெட்டியில் ஒரு குறையும் இல்லை, அதைப் பார்க்கிறவர் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லையே, அவருடைய வார்த்தையிலேயே கேட்டு எழுதுங்களேன் என்றிருந்தார்.

அதையே நான் மற்றவர்களிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நைனாவிடம் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை நைனா மில்லுக்குக் கிளம்ப இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"நைனா, புதுப்படம் பாக்கும்போது இன்னா ஆவுது? நல்லா இருக்குதுன்னு சொல்லாத. நெஜத்த சொல்லு."

இட்லியில் ஒரு துண்டைப் பிய்த்தார். "வாய் மூடிக்கினதுக்கு அப்புறம் பேச்சு வருதும்மா. அவன் பேசி முடிச்சிட்டு வேற பக்கம் திரும்பிடறான், அப்புறமா என் காதுல சொல்றான். ரெண்டும் சேர மாட்டேங்குது."

"பழைய படத்துல?"

"அதுலயும் அப்படித்தான். அதுல அவன் இன்னா சொல்லுவான்னு எனக்குத்தான் தெரியுமே."

சாம்பார் ஊற்ற வந்த அம்மா கரண்டியோடு நின்றாள். நைனா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எந்திரம் நல்லாத்தான் இருக்கும், நம்ம காதுதான் முழுசா போவுது போலன்னு நெனச்சேன். இந்த மாசத்தோட மில்லுலருந்து நின்னுடலாம்னு மொதலாளிகிட்ட சொல்ல இருந்தேன். கூப்டறது புரியாம மெஷின்கிட்ட நிக்கறது ஆபத்தும்மா."

"இத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்று அம்மா அதட்டினாள். குரல் அதட்டலாக வரவில்லை.

ஒயர் இல்லாமல் போகும் சத்தம் காதுக்குச் சேரக் கண்ணிமைக்கும் நேரம் தாமதமாகும். அது எனக்குத் தெரியும். சாதாரண ஆட்களுக்கு அது பெரிய தொல்லை இல்லை. நைனா சாதாரண ஆள் இல்லை என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது. மில் இரைச்சலில் யார் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்களாம். அந்தப் பழக்கத்தில், காது மங்க மங்க நைனா பாதியைக் காதாலும் பாதியைக் கண்ணாலும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் வீட்டில் நைனாவிடம் பேசும்போது அவர் முகத்துக்கு நேராகத் திரும்பித்தான் பேசுவோம். அதை மரியாதை என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"காதுக்கு ஒண்ணும் ஆவல நைனா. நான் மாட்டிவிட்டதுதான் லேட்டு" என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜமா."

"அப்ப மொதலாளிகிட்ட சொல்ல வாணாமா?"

"சாப்ட்டுட்டு வேலைக்குப் போ" என்றாள் அம்மா.

அன்று சாயந்திரம் சரிசெய்ய உட்கார்ந்தேன். எங்கள் மென்பொருளில் படத்தின் சத்தத்தை முன்னே தள்ளிவைக்கும் வசதி உண்டு. சோதிக்க எந்தப் படத்தைப் போடலாம் என்று கேட்டதும் நைனா, "உதடு ஒட்டற வார்த்தையா இருக்கணும். உங்க அக்கா கல்யாண வீடியோ போடு. உன் சித்தப்பன் மாப்ள மாப்ளன்னு உயிர எடுப்பானே" என்றார். சித்தப்பா திரையில் வந்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் சத்தத்தை இம்மி இம்மியாக நகர்த்தினேன். நைனா கண்ணைச் சிமிட்டாமல் பார்த்து, "இன்னும், இன்னும், ஆங், ஒட்டிச்சு" என்றார்.

உடனே அம்மா, "எனக்கு இப்ப வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே பேசறாங்கடி" என்றாள்.

அவள் சொன்னது சரி. நைனாவுக்கு ஒட்டினால் டிவியில் கேட்பவர்களுக்கு ஒட்டாது. ஒயர் உள்ள ஹெட்போன்தான் வழி. ஆனால் அந்தச் சின்னக் கருவியைச் சொருகிய துளை வேறு வகை, ஹெட்போன் ஒயர் அதில் நுழையாது. டிவியில் இயர்போனுக்கென்று இருந்த துளையில் சொருகினால் டிவி ஊமையாகிவிடும். மறுபடி குழுவில் எழுதினேன். அதே முகம் தெரியாதவர் ஒரே வரியில் பதில் சொன்னார்: உங்கள் பலகையிலேயே ஓர் இயர்போன் துளை இருக்கிறது, ஒலி அமைப்பின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்.

பார்த்தேன். சத்தம் எங்கே போக வேண்டும் என்று அது கேட்டது. டிவிக்கு. இயர்போனுக்கு. மூன்றாவதாக, இரண்டுக்கும்.

எத்தனையோ தடவை அந்தப் பக்கத்தைக் கடந்துபோயிருக்கிறேன். அந்த மூன்றாவது தேர்வு எதற்கு என்று யோசித்ததில்லை. ஏதோ ஒரு வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து உட்கார ஒருவர் ஆசைப்பட்டிருக்க வேண்டும். அவருடைய மகனோ மகளோ உட்கார்ந்து அதை எழுதி, எங்களுக்கும் கிடைக்கட்டும் என்று விட்டுப் போயிருக்கலாம். இது என் கற்பனைதான். ஆனாலும் அன்றைக்குத் திரையைப் பார்த்து மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

பஜாரில் நீளமான ஒயர் வாங்கிவந்து, நைனாவின் நாற்காலி வரைக்கும் இழுத்து, வீட்டில் கிடந்த பழைய ஒயர் ஹெட்போனை மாட்டினேன். முன்னே தள்ளிய சத்தத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். அதே கல்யாண வீடியோ. "ஒட்டுது" என்றார் நைனா. "எனக்கும் ஒட்டுது" என்றாள் அம்மா. தாலி கட்டும் இடம் வந்தது. கெட்டிமேளத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. நைனா மட்டும் சிரித்தார்.

"இன்னா நைனா?"

"உங்கம்மா உன் சித்திகிட்ட இன்னா சொல்றா தெரியுமா? 'உங்க மாமாவப் பாருடி. வேட்டியத் தூக்கிக் கட்டிக்கினு நெல்லு அளக்க வந்தவரு மாதிரி நிக்கறாரு.'"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, அது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சா!"

"அப்பவே தெரியும். எதிர்லதான் நின்னேன்."

மறுநாள் காலை குழுவில் என் கேள்விக்கு மேல் 'தீர்ந்தது' என்று குறித்துவிட்டு, நைனா சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி, அந்த மனிதருக்கு நன்றி சொன்னேன். உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம் என்று பதில் வந்தது. நைனாவிடம் காட்டினேன். "நல்லா இருக்கச் சொல்லு" என்றார். இப்போது யார் என்னிடம் கோளாறு சொன்னாலும், கரண்டுக்கும் முன்னால், பார்க்கிறவர் என்ன சொல்கிறார் என்று கேட்கிறேன்.

நைனா மில்லுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். போன வாரம் நாங்கள் மூவரும் பார்க்காத புதுப் படம் ஒன்றைப் போட்டேன். முதல் பாதியிலேயே ஒரு வசனத்துக்கு மூவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். அம்மா திரையை விட்டுவிட்டு நைனாவைத்தான் பார்த்தாள். நடுவில் அவர் தண்ணீர் குடிக்க எழுந்தார். தலையில் மாட்டியிருந்ததை மறந்துவிட்டார். ஒயர் அவரைப் பின்னால் இழுத்தது.

அம்மா அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, "எங்க போற? கட்டிப் போட்டிருக்குது, உக்காரு. நான் கொண்டாறேன்" என்றாள்.

நைனா உட்கார்ந்தார்.