வெட்டிய குரல்

கோவில்பட்டியில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தபோது, மைக்செட் அண்ணாச்சி ஒரு நாள் காலையில் வந்து, கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் செய்து தர முடியுமா என்று கேட்டார். இரண்டாயிரத்து இரண்டாம் வருஷமாக இருக்கும். லேப்டாப் என்று ஒன்று வந்திருக்கிறதே என்றேன். அதை ஒரு டாக்டர் வீட்டில் ஏற்கெனவே பார்த்திருந்தார்.

"அது கெட்டுப்போனா மெட்ராசுக்கு அனுப்பணுமாம்லா. நமக்குக் கழத்தி மாட்டுத மாதிரி வேணும் தம்பி. இன்னைக்கு ஒண்ணு போடுவோம், அடுத்த வருசம் நல்லதா வந்தா அதை மாத்துவோம்."

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. கயத்தாறு சாலையில் மைக்செட் கடை. சுற்றுவட்டாரத்தில் அவர் முகத்தைவிட அவர் குரல்தான் பிரபலம். பந்திக்குக் கூப்பிடுவதும் தொலைந்த பிள்ளைக்கு ஆள் தேடுவதும் ஒரே நிதானத்தில் இருக்கும். அவசரமே இல்லாத குரல்.

தீப்பெட்டி ஆபீசுகளுக்கு மரச்சட்டம் செய்து கொடுக்கும் ஆசாரி ஒருவர் பிளைவுட்டில் பெட்டி அடித்துத் தந்தார். முன்னும் பின்னும் கதவு. உள்ளே ஒரு அலுமினியத் தகட்டில் மதர்போர்டைத் திருகி, வேன் குலுங்கும்போது அடி வாங்காமல் இருக்க, தகட்டுக்கு அடியில் சைக்கிள் ட்யூபை மடித்து வைத்தோம். சவுண்டு கார்டு, வீடியோ கார்டு இரண்டும் கழன்றுவிடாதபடி வார் போட்டுக் கட்டினோம். மானிட்டருக்குத் தனியாக ஒரு பழைய மெத்தை.

முதல் ஊரிலேயே பெட்டி நின்றுபோனது. திறந்து பார்த்தால் ஃபேன் முழுக்கக் கரிசல் புழுதி, முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி. புதியம்புத்தூரில் நைட்டி தைக்கிற ஒருவரிடம் வெட்டுத்துணி வாங்கி, காற்று நுழையும் இடத்தில் இரண்டு மடிப்பாகக் கட்டினார் அண்ணாச்சி. ஒவ்வொரு விசேஷம் முடிந்ததும் அதைத் துவைத்துக் காயப்போடுவார். பிறகு பெட்டி நிற்கவே இல்லை. மண்டபத்திலேயே உட்கார்ந்து கல்யாண கேசட்டுக்கு டைட்டில் போட்டோம், திரையில் மாப்பிள்ளை பெண் படங்களை ஓட்டினோம், வில்லுப்பாட்டை நேரடியாகப் பதிந்தோம். ராம் கூட்டினோம், டிஸ்க்கை மாற்றினோம். செய்து ஒரு வருஷத்துக்குள் பாதிப் பெட்டி புதுசு.

அடுத்த தையில் அண்ணாச்சிக்குக் குரல் கம்ம ஆரம்பித்தது. மைக் பிடிக்கிறவருக்கு வருவதுதான் என்று மிளகுப்பால் குடித்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அங்கிருந்து வந்த அன்றே என் கடைக்கு வந்தார். அழவில்லை. தான் சொல்ல வேண்டியதையெல்லாம் இப்போதே பெட்டிக்குள் சொல்லி வைத்துவிட்டால் பிறகு அதை எடுத்துப் போடலாமா என்று கேட்டார். போடலாம் என்றேன்.

மறுநாள் மத்தியானம் அவர் வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் பதிந்தோம். பந்தி அழைப்பு, மொய் எழுதும் இடம், வேனை நகர்த்தச் சொல்வது, பிள்ளை தொலைந்த அறிவிப்பு, ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்கள். கடைசியாக ஊர்ப் பெயர்கள். பேருந்து போகும் ஊர், போகாத ஊர் எல்லாவற்றையும் வியர்க்க வியர்க்கச் சொன்னார். நான் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் கீபோர்டில் ஒரு பொத்தானுக்குக் கொடுத்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு மாதம் அவரே வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். கழுத்தில் துண்டு சுற்றியிருக்கும். பொத்தானை அமுக்குவார். மரத்தில் கட்டிய குழாயிலிருந்து அவர் குரல் ஊரைக் கூப்பிடும். குரலோடு சேர்ந்து அவர் உதடும் அசையும். பந்தலில் இருப்பவர்கள் வித்தியாசம் அறியாமல், அண்ணாச்சி சீக்கிரம் தேறிவிட்டார் என்றார்கள். அவர் தலையை ஆட்டுவார். எனக்கு மட்டும் பார்க்கப் பயமாக இருந்தது. ஆடியில் இறந்துபோனார்.

அதற்கப்புறம் அந்தத் துண்டுகளை நான் தொடவில்லை. பாட்டு, படம் மட்டும் போட்டேன். மாசியில் நாகலாபுரத்துக்குத் தெற்கே ஒரு ஊரில் கொடை. கமிட்டிக்காரர்கள் வந்து, அண்ணாச்சி குரல் பெட்டிக்குள் இருப்பதாகக் கேள்விப்பட்டோம், அன்னதானத்துக்கு அவர்தான் கூப்பிட வேண்டும் என்றார்கள். நானும் மறுக்கவில்லை. எனக்கும் அதைக் கேட்க ஆசை இருந்தது என்பதுதான் உண்மை.

நல்ல வெயில். பொத்தானை அமுக்கினேன். அன்னதானம் நடைபெறுகிறது, அனைவரும் வந்து அமர்ந்து உண்ணும்படி கேட்டுக்கொள்கிறோம் என்றார் அண்ணாச்சி. பந்தலில் பேச்சு நின்றது. சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிறகு இலை போடும் சத்தம் வழக்கம்போல எழுந்தது. நானும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். மதினி வந்து நின்றார்கள், அண்ணாச்சியின் மனைவி. அவர் போனதற்கப்புறம் பிறந்த ஊருக்கே போய்விட்டார்கள் என்று தெரியும். அந்த ஊர் இரண்டு மைல் தள்ளி, காற்று போகும் திசையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. புஞ்சையில் மிளகாய்ப் பழம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மடியில் பழத்தோடு அப்படியே வரப்பு வழியாக நடந்து வந்திருந்தார்கள். கால் இரண்டும் கணுக்கால்வரை புழுதி.

நான் எழுந்துவிட்டேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார்கள்.

"அவிய இல்லன்னு எனக்குத் தெரியும் தம்பி. கால் அதுபாட்டுக்கு வந்துட்டு" என்றார்கள். "இன்னும் என்னென்ன சொல்லுவாவ?" என்று கேட்டார்கள்.

குழாயை நிறுத்திவிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஒவ்வொன்றாகப் போட்டேன். பந்தி, மொய், வேன், எண்கள் ஐம்பதும், ஊர்கள் எல்லாமும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டார்கள்.

"என்னைய ஒண்ணும் சொல்லலையா?"

சொல்லியிருந்தார். பதிவின் நடுவில், தெருவில் லாரி போகிற சத்தம் கேட்டு, மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, "ஏட்டி, அந்தக் கதவக் கொஞ்சம் சாத்து" என்றார். கதவு சாத்தப்பட்டது. "நீயும் உள்ளதான் இரேன், எதுக்கு வெளிய நிக்க" என்றார். அந்த இரண்டு வரியும் எனக்கு அட்சரம் மாறாமல் நினைவிருக்கிறது, ஏனென்றால் அவை தேவையில்லை என்று வெட்டி எறிந்தவன் நான். வெட்டி முடித்ததுமே, அடுத்த வாரக் கல்யாண வீடியோவுக்கு டிஸ்க்கில் இடம் வேண்டும் என்று முழுப் பதிவையும் அழித்துவிட்டேன்.

அங்கேயே அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்றேன். ஊருக்கு வந்து உண்மையாகவே தேடினேன். கழற்றிப் போட்ட பழைய டிஸ்க் கடையில்தான் கிடந்தது. அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டு நான்கு நாள் ஓட்டினேன். யாரோ ஒரு கல்யாணப் பெண் தலை குனிந்து நிற்கும் படங்கள் வந்தன. பாதி பாதியாக நாதஸ்வரம் வந்தது. அவர் வரவில்லை.

ஐந்தாம் நாள் பஸ் ஏறிப் போய் மதினியிடம் நடந்ததைச் சொன்னேன். களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கை நிற்கவில்லை.

"நாந்தானே கதவச் சாத்துனேன். எனக்குக் கேட்டுச்சு" என்றார்கள். மிளகாயைக் காலால் பரத்திவிட்டு, "ஊர்ல எல்லாரையும் அவிய கூப்பிடட்டும். இந்தத் திசைக்கு மட்டும் கொண்டு வராதீங்க" என்றார்கள்.

அப்படியே செய்தேன். அந்தப் பக்கத்து விசேஷங்களைக் கூடியவரை தவிர்த்தேன். வேறு பக்கம் போகும்போதும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்த பிறகுதான் குழாயைக் கட்டினேன். இரண்டு வருஷம் கழித்து மதினியின் ஊரிலிருந்தே கமிட்டி வந்தது. வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அண்ணாச்சி குரல் போடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, விளாத்திகுளத்திலிருந்து மைக்கில் பேச ஒருவரை அழைத்துப் போனேன். அவர் நன்றாகத்தான் பேசினார்.

மத்தியானப் பந்திக்கு மதினி வந்தார்கள். என் பக்கம் திரும்பவில்லை. பந்தலுக்குள் நிழலில் இடம் கிடந்தது. அதை விட்டுவிட்டு, குழாய் கட்டிய வேப்பமரத்துக்கு நேர் கீழே, சத்தம் காதை அடைக்கும் இடத்தில் இலையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடித்து இலையை மடித்த பிறகும் எழவில்லை. அடுத்த பந்தி உட்கார்ந்து எழுந்தது. ஒவ்வொரு முறை மைக் கரகரக்கும்போதும் தலையை லேசாக நிமிர்த்தி, வேறு ஒருவர் குரல் வந்ததும் தாழ்த்திக்கொண்டார்கள்.

என் விரல் அண்ணாச்சியின் பந்தி அழைப்புப் பொத்தான்மேல்தான் இருந்தது. அமுக்கவில்லை. செய்தது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.