கரும்புச் சாற்றில் ஓர் இராப்போஜனம்

1. மரம்

நான் லுத்தரன் சபை உபதேசியாராகி மூன்றாம் மாதம், இடஒதுக்கீடு கேட்டுப் போராடிய ஊர்ச் சாதிக்காரர்கள் சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். உபதேசியார் என்றால் மணி அடிக்கலாம், பாட்டு எடுக்கலாம், பிரசங்கித்துச் சபையைத் தூங்கவைக்கலாம். இராப்போஜனத்தில் கொடுக்கிற அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் மட்டும் தொடக்கூடாது. அது ஐயர் வேலை. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். பூணூல் கிடையாது, அங்கி உண்டு.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் காலனியில் கரும்பு வெட்டும் தேவதாஸ் சாகக் கிடந்தார். மனைவி மார்த்தாள் என்னிடம் வந்தாள்.

"வூட்டுக்காரரு ராப்போஜனம் கேட்டுகினே இருக்காரு உபதேசியாரே. குடுக்காம அனுப்பிடாதீங்க."

ஐயர் திருக்கோவிலூரில். சைக்கிளை எடுத்தேன். முதல் மரத்தடியில் அரிவாளோடு நின்றவர் மறித்தார்.

"எங்க போய்க்கினு இருக்க?"

"ஐயரக் கூட்டியார. ஒருத்தரு சாவக் கெடக்காரு."

"காலனிச் சாவுக்கு ஐயரா? எந்த ஊரு வழக்கம்யா இது?"

சிரித்தபடியே சைக்கிளைத் தூக்கி மறுபக்கம் வைத்தார். நின்றுபோன டிராக்டரிலிருந்து ஒரு கரும்பை உருவிக் கேரியரில் செருகினார். "கடிச்சிகினு போ. டீக்கடை ஒண்ணுகூட இல்ல."

பதினோரு மரம். எண்ணியது என் தோள்.

2. ரெஜிஸ்டர்

ஐயர் சாய்வு நாற்காலியிலிருந்து எழவில்லை.

"அவன் பேர சபை ரெஜிஸ்டர்லேர்ந்து அடிச்சாச்சே தம்பி. மக படிப்புக்காக முனியன்னு, இந்துன்னு சர்ட்டிபிகேட் வாங்கினவன்."

மதம் மாறினால் சலுகை போய்விடும். சாதி மட்டும் ஞானஸ்நானத் தண்ணீரில் நனைந்தும் கரையாமல் கூடவே வரும். ஐயருக்கும் இது தெரியும்.

"அப்ப நான் குடுக்கட்டுங்களா?"

"உனக்குக் குருப்பட்டம் இல்ல. நான் வரலாம்னா மரம் கெடக்குது."

மரம் எனக்கு வழிவிட்டிருந்தது. ஐயரின் தொப்பைக்கு விடாது என்பதும் நியாயம்தான்.

திரும்பி மிதித்தேன். விசுவாசிகள் எல்லாரும் ஆசாரியர்களே என்று எங்கள் சபை பிறந்த நாளிலிருந்து பேசுகிறது. பேசி முடித்ததும் ரசத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறது. கிருபை இலவசம், சாவி ஐயரிடம். தூரத்தில் கல்வராயன் மலையிலிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் ரெஜிஸ்டர் பார்த்து இறக்கவில்லை.

3. அடை

தேவதாஸ் வீட்டில் கேழ்வரகு அடை இருந்தது. கேரியர் கரும்பை மார்த்தாள் உரலில் இடித்துத் துணியில் பிழிந்தாள். நான் ஜெபித்து, அடையைப் பிட்டேன்.

தேவதாஸ் கண்ணைத் திறந்தார். "எந்தப் பேருக்குக் குடுக்கறீங்க? முனியனுக்கா, தேவதாசுக்கா?"

"வாயத் தொறங்க. வாய் ஒண்ணுதான."

நாக்கில் சாறு பட்டதும் அவர் முகம் இளகியது. "ஆயுசுக்கும் கரும்பு வெட்னேன். இன்னிக்குத்தான் எனக்குன்னு குடுக்கறாங்க."

மறுநாள் போய்விட்டார்.

மரங்களை அகற்றிய பிறகு ஐயர் வந்தார். சபை மூப்பர்களை உட்காரவைத்து என்னை விசாரித்தார். "பட்டம் இல்லாதவன் குடுத்தது செல்லாது" என்றார். எனக்கு ஆறு மாதம் பிரசங்கத் தடை.

கதவோரம் நின்ற மார்த்தாள் சொன்னாள்: "செல்லாததுன்னா துப்பியிருப்பாருங்க ஐயரே. முழுங்கிட்டாரு."

ஐயர் அங்கியின் பொத்தானைச் சரிசெய்தார்.

புதிதாக வரும் உபதேசியார்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பையில் வேதாகமத்தோடு ஓர் அடையும் இருக்கட்டும். ஐயர் வரும் ரோட்டில் எப்போது வேண்டுமானாலும் மரம் விழும்.