பாரிஸ் பேக்கரியைப் பாடமாக்கினேன்

என் கணவர் பாரிஸில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். எங்கள் ஊர் வங்காலையில் கேட்டவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். என் வாய் சும்மா கிடக்காது.

என்னையும் மகளையும் அங்கே கூப்பிட அவர் விண்ணப்பித்திருந்தார். படிவங்களைப் பிரெஞ்சில் அவரே நிரப்பி அனுப்பினார். காட்டிய இடங்களில் கையெழுத்து வைத்தேன். கொழும்பில் நேர்முகம் என்றதும் பயம் பிடித்தது. நாங்கள் உண்மையான புருசன் பெண்சாதி என்று அவர்கள் நம்ப வேண்டும். நம்பாவிட்டால், ஒரு வயதில் விட்டுப்போன தகப்பனை மகள் போனில் பார்த்தே வளர வேண்டியதுதான். இப்போது அவளுக்கு ஏழு வயது.

"வேலையைப் பற்றிக் கேட்டால் பேக்கரி எண்டு மட்டும் சொல்லும். மிச்சம் வேண்டாம்" என்றார் கணவர்.

எனக்கு அது போதுமா? படம் அனுப்பச் சொல்லி நச்சரித்தேன். அவரும் அனுப்பி விளக்கினார். எங்களுக்குப் பாணும் பணிஸும் கேக்கும் ஒரே ஓட்டோவில் வாசலுக்கு வரும். அங்கே அப்படியில்லையாம். புலாஞ்சரி என்றால் பாண் கடை. அங்கேயே மா பிசைந்து அங்கேயே சுட்டால்தான் அந்தப் பெயர் போடலாம். பத்திஸ்ரி என்றால் கேக், கிறீம் அடைத்த எக்லேர், பழம் அடுக்கிய தார்த். குருவாசான் தனி வகை. பட்டரை மாவுக்குள் வைத்து மடித்து மடித்து உருட்டுவது. இவருடைய கடையில் எல்லாம் உண்டு. மீன் கழுவும்போதும் இதைத்தான் முணுமுணுத்தேன்.

கொழும்பில் ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் தமிழில் கேட்க ஒருவர்.

"உங்கட கணவர் என்ன வேலை செய்யிறார்?"

பேக்கரி என்று நிறுத்தியிருக்கலாம். பாழாய்ப்போன வாய்! "பாண் போடுறதும் அவர்தான், குருவாசான் மடிக்கிறதும் அவர்தான், எக்லேருக்குக் கிறீம் அடைக்கிறதும் அவர்தான்" என்று விரல் மடித்து ஒப்புவித்தேன்.

அந்தப் பெண் ஒரு தாளைத் தொட்டுக் காட்டினார். மற்றவர் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, முதலாளி குடுத்த கடிதத்தில கோப்பை கழுவுறவர் எண்டெல்லோ இருக்கு. ஆறு வருசமா."

ஐயோ மாதாவே! கோப்பை கழுவுவதை எங்கள் ஊரில் இருந்து வெளிநாடு போன எந்த ஆண்தான் வீட்டுக்குச் சொன்னான்? எனக்குத் தெரியும் என்று பொய் சொல்லக்கூட அப்போது வாய் வரவில்லை. அதிகாரி நீளமாக எழுதினார். வேறு கேள்வி இல்லை என்றார்கள்.

மறுநாள் காலை கணவர் வீடியோவில் வந்தார்.

"வேலையைக் கேட்டவையோ?"

"ஓம். பேக்கரி எண்டு சொன்னனான்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் என்ன செய்ய? மகளுக்குக் காட்ட ஒரு குருவாசானைத் தூக்கிப் பிடித்தார். பிடித்த விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஆறு வருடமாக அந்த வெளுப்பைக் கோதுமை மா என்றே நினைத்திருந்தேன்.

"அப்பா, இது நீங்கள் செய்ததோ?" என்றாள் மகள்.

அவர் தயங்கினார்.

"ஓம் மகள், அப்பாதான் செய்தவர்" என்று நான் சொன்னேன்.