கரைச்சத்தம் பிலோவுடையது

போன வாரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஃபிளெக்ஸ் பேனரைப் பார்த்து, ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். 'தூத்துக்குடியின் முதல் ஒலிப்பத்திரிகையை நிறுவிய மாமனிதர்' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே எங்கள் ஊர்க் கேசட் கடை அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார். நினைவு நாளாம். வந்த கோபத்தில் பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், "இது பச்சைப் பொய்" என்று சொல்லிவிட்டேன். அவள் நிமிராமலே, "எந்தக் கட்சிம்மா?" என்று கேட்டாள்.

வெயிலில் காய்ந்த அந்த ஃபிளெக்ஸின் வாசனை, புதுக் கேசட்டின் மேலுறையைக் கிழித்ததும் வருமே, கிட்டத்தட்ட அதேதான். அந்த வாசனைக்காகவே உறையைக் கிழிக்கும் வேலையை எனக்குக் கொடு என்று பிலோவிடம் சண்டை போடுவேன். பிலோமினா எங்கள் தெருக்காரி. அவளுடைய அப்பா வேலைசெய்த சரக்குத் தோணி கொழும்பிலிருந்து வந்துவிட்டது, அவர் வரவில்லை. அங்கன வேறு குடும்பம் என்று பேசிக்கொண்டார்கள். அம்மா காய்ச்சலில் போனபின் சித்தப்பா வீட்டில் வளர்ந்தாள். வளர்ந்தாள் என்ன, மீன் உலர்த்தி, பாத்திரம் தேய்த்து, அடி வாங்கினாள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிட்டார்கள். அத்தனைக்கும் நடுவில் அவள் எப்படி அப்படிச் சிரித்தாள் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். ரோசம்மா அக்காவின் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தார். துபாயிலிருந்து ஒரு டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர் அனுப்பியிருந்தார். அக்காவுக்கு எழுத வராது. கேசட்டில் பேசி அனுப்பலாம் என்றால் மெஷினைப் பார்த்ததும் வாயடைத்துப் போகும். "இங்க கொண்டாங்க" என்று பிலோ வாங்கிக்கொண்டாள். "இன்னைக்கு என்ன கொழம்பு வச்சீய?" என்று ஆரம்பித்தாள். அக்கா சாளைமீன் குழம்பில் தொடங்கி மாமியார் சண்டையில் போய் நின்றார். இடையில் பிள்ளைகள் அழுதது, கோயில் மணி, ஐஸ்காரன் மணி எல்லாம் விழுந்தது. அந்தக் கேசட்டைத் தன் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்டதாக அவர் சொல்லியனுப்பினார்.

பிலோவுக்கு அங்கேதான் பொறி தட்டியது. ஒரு வீட்டுக்குப் பேசினால் ஒரு ஆள் கேட்பான், ஊரே பேசினால்? அப்படிப் பிறந்ததுதான் 'கரைச்சத்தம்'. மாதம் ஒரு கேசட். பிறப்பு, இறப்பு, கால்பந்து மேட்ச், கொடியேற்றம், யார் வீட்டுக் கூரை காற்றில் போனது என்ற சேதிவரை எல்லாம் இருக்கும். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் என்பதால் செய்தி வாசிப்பு எனக்கு. நான் வாசித்தால் ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருக்கும். "ஏளா, செத்தவுக வீட்டுக்காரி கேப்பா, கொஞ்சம் மனுசி மாதிரி வாசி" என்பாள். கப்பல்காரர் வீடுகளில் முன்கூட்டியே பணம் கட்டி வாங்கினார்கள். நகலெடுக்கும் மெஷின் கேசட் கடை அண்ணாச்சியிடம்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்ததற்கு அவரும் கூலி வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் அந்த மாமனிதரின் பங்கு. அப்போது பிலோவுக்குப் பதினாறு வயது.

பிறகு ஒரு தோணி மூழ்கியது. உள்ளே இருந்த யாரும் திரும்பவில்லை. இறந்தவர்களில் ஒருவரின் மனைவி மரியம்மை அக்காவிடம் பிலோ மெஷினைக் கொண்டுபோனாள். அக்கா அழவில்லை. "அடிப்பலகை உளுத்துப் போச்சுன்னு இவுக சொன்னாவ. இந்த ஒரு நடை போய்ட்டு வாங்க, அப்புறம் பாப்பம்னு மொதலாளி அனுப்பிட்டாரு" என்றார். பிலோ ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

அந்தக் கேசட் வளைகுடாவெல்லாம் போனது. நம் ஊர் ஆட்கள் அங்கிருந்து முதலாளியைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். உடனே ஊர்க் கமிட்டி கூடியது. தோணியைப் பற்றி விசாரிக்க என்றா நினைக்கிறீர்கள்? பிலோவை விசாரிக்க!

"கொமரிப்பிள்ள சத்தம் கண்டவன் ரூமுக்குள்ள கேக்கலாமா?" என்றார் தலைவர்.

"சினிமாப் பாட்டுக்காரி சத்தம் ஒங்க வீட்டுக்குள்ள கேக்குதே, அதுக்கும் கமிட்டி போடுவீயளா?" என்று திருப்பிக் கேட்டாள் பிலோ.

சித்தப்பா எழுந்து, அத்தனை பேர் முன்னால் அவளை அறைந்தார். யாரும் தடுக்கவில்லை. தோணி முதலாளி முன்வரிசையில் விசிறிக்கொண்டிருந்தார். கேசட் கடை அண்ணாச்சி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிலோ கன்னத்தைப் பிடித்தபடி, "அடிப்பலகை உளுத்ததுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல" என்றாள்.

அடுத்த மாதமும் கரைச்சத்தம் வந்தது. அதே பெயர், அதே மணியோசை. குரல் மட்டும் யாரோ ஒரு ஆண்பிள்ளை. உறையில் நிறுவனர் என்று அண்ணாச்சியின் பெயர். தோணி பற்றி மூச்சே இல்லை. பிலோவும் நானும் கடைக்குப் போனோம்.

"பேரு நான் வச்சது, அண்ணாச்சி."

"பேருக்குப் பட்டாவா வச்சிருக்க? போளா."

சித்தப்பா அவளை ஆறுமுகநேரிக்கு, ஒரு உறவுக்காரர் வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார். தொலைந்தாள் என்று நினைத்திருப்பார். அங்கே ஒரு போட்டோ ஸ்டூடியோவில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்து, இருபது வயதாகும் முன்பே வீடியோ கேமராவைத் தோளில் தூக்கிவிட்டாள். பெண் வீடியோ எடுப்பதா என்று சிரித்த வீடுகளே, மணப்பெண் அலங்காரத்தை எடுக்க அவளைத் தேடி வந்தன. திருச்செந்தூரில் சொந்தக் கடை போட்டாள். இன்று அவளிடம் பெண்பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள், எடிட்டிங் உட்பட.

பேனரைப் பார்த்த கையோடு அவளுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "விடுளா. எனக்கு ரெண்டு கல்யாணம் கெடக்கு" என்றாள். அவள் விடலாம், உழைத்து வேறொன்றை உண்டாக்கியவள். என்னால் விட முடியவில்லை.

ஏனென்றால் போனது பெயர் மட்டுமில்லை. எங்கள் மூலக் கேசட்டுகளெல்லாம் அண்ணாச்சியின் கடை அலமாரியில் இருந்தன. அந்தத் தோணி மூழ்குமுன் ஒருமுறை தோணித்துறைக்குப் போய், பாய்மரப் பாய் கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பிலோ பேசவைத்திருந்தாள். அதில் மரியம்மை அக்காவின் வீட்டுக்காரரும் இருந்தார். சில வருடம் கழித்து, அப்பா குரலே தெரியாமல் வளர்ந்த மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா அந்தக் கடைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். அண்ணாச்சி தேடிக் கண்டுபிடித்துப் போட்டார். சினிமா டான்ஸ் பாட்டு அதிர்ந்தது. "கேசட் தட்டுப்பாடு, மேலயே பதிஞ்சிட்டோம்மா" என்றார். நடுவில் எங்காவது ஒரு சொல் மிஞ்சியிருக்குமோ என்று, அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ஓடி முடியும்வரை நின்று கேட்டார்.