ஊருக்குப் போனவர்கள் வீட்டுச் சாவி

“அழுகிக் குப்பைக்குப் போனா அது உங்க சாமான். நான் எடுத்துச் சமைச்சா மட்டும் திருட்டா?”

மூன்றாம் மாடி பாங்க்காரியைப் பார்த்து சுவிட்சக்கா இப்படிக் கேட்டபோது நான் கீழ்வீட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். நல்ல சண்டையை அரைக் காதால் கேட்பது எனக்குப் பிடிக்காது.

சுவிட்சக்கா எங்கள் கட்டடத்துப் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்கிறவள். புருஷன் லாரியில் மூட்டை ஏற்றப் போய் விழுந்து செத்தான். இரண்டு பிள்ளைகள். விடுமுறை வந்தால் கட்டடமே ஊருக்குக் கிளம்பும். எல்லா வீட்டுச் சாவியும் இவள் முந்தானையில் தொங்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான் கொடுப்பார்கள். இவள் உள்ளே போய் எரிகிற விளக்கை அணைப்பாள், டிவிக்குப் பின்னால் கைவிட்டு வயரைப் பிடுங்குவாள், சொட்டுகிற குழாயை இறுக்குவாள். அப்படி வந்த பெயர்தான் அது. ஃப்ரிட்ஜில் வாடப் போகிற கீரை, பாதிப் பூசணி, பால் பாக்கெட் கிடந்தால் எடுத்துப் போவாள். யாருக்கும் தானம் பண்ணவில்லை, அவளும் பிள்ளைகளும்தான் தின்றார்கள். ஊரார் உல்லாசமாகப் போகிற மாதத்தில்தான் அந்தப் பிள்ளைகள் வாய்க்கு விதவிதமாகக் காய் கிடைத்தது. கேட்காமல் எடுத்தாள், அது தப்புத்தான். ஆனால் திரும்பி வந்து அதே கீரையை மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டுகிறவளுக்குத் திருடி என்று சொல்ல வாய் எப்படி வந்தது?

“என் வீட்டு ஃப்ரிட்ஜை நீ எதுக்குத் திறந்தே?” என்றாள் பாங்க்காரி. “இன்னைக்குக் கத்திரிக்கா, நாளைக்குக் கம்மல்.”

“கம்மல் அழுகாதும்மா. அதனால எனக்கு அது வேண்டாம்.”

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கிற நேரமில்லை அது. பாங்க்காரி கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். பேச்சு மாடி மாடியாக ஏறியது. மற்றவர்களும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லித் தங்கள் சாவியை வாங்கிவிட்டார்கள். ஒருத்தி, “மாமியார் வந்து தங்கப் போறாங்க” என்றாள். அவள் மாமியார் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. என் சாவி மட்டும் சுவிட்சக்காவிடம் இருந்ததேயில்லை. நான் எங்கே போகிறேன்? போனால் ஒரேயடியாகப் போவேன், அப்போது ஃப்ரிட்ஜில் என்ன இருந்தால் எனக்கென்ன.

திருடி என்ற பேர் ஒட்டிக்கொண்டால் படி துடைக்கிற வேலையும் போகும், பக்கத்துத் தெருவிலும் யாரும் சேர்க்க மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். கதவு திறந்திருக்கிற வீட்டு வாசலைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் துடைத்தாள்.

அடுத்த விடுமுறையில் மூன்றாம் மாடி பூட்டிக் கிடந்தது. கட்டடத்தின் பின்பக்கம் பெருக்கப் போனவள் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். பாங்க்காரி வீட்டு ஏசிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மறுநாளும் சொட்டியது. ஆளில்லாத அறையை யாருக்காகவோ குளிரவைத்துக்கொண்டிருந்தது அது.

என்னிடம் வந்தாள். “அக்கா, ராப்பகலா ஓடுது. சூடாகிப் பத்திக்கிச்சுன்னா?”

“படிக்குக் கீழதானே அவ வீட்டு மெயின் சுவிட்ச் இருக்கு. இழுத்து விட்டுட்டுப் போ.”

“இழுத்தா ஃப்ரிட்ஜும் நிக்கும். உள்ள இருக்கிறது அழுகும். அப்புறம் அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்.”

மெயின் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். கை மேலே போனது, இறங்கியது. புடவையில் துடைத்துக்கொண்டாள். மறுபடி தூக்கவில்லை.

“போன் போடு,” என்றேன். “நான் சாட்சி.” எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

“நீ ஏன் வீட்டுப் பக்கம் போனே?” பாங்க்காரியின் முதல் கேள்வியே அதுதான்.

“போகலம்மா. கீழதான் நிக்கிறேன். உங்க ஏசி ஓடுது. மெயினை அணைக்கவா? நீங்க சொன்னா அணைக்கிறேன், சொல்லாம தொட மாட்டேன்.”

அந்தப் பக்கம் கடல் சத்தம் கேட்டது.

“அணைச்சிடு.”

“ஃப்ரிட்ஜில என்னம்மா இருக்கு?”

“மீன் இருக்கு, பால் இருக்கு. நீயே எடுத்து...” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். சாவி அவள் பையில் அல்லவா இருந்தது.

சுவிட்சக்கா மெயினை இழுத்தாள். மீன் பூட்டிய வீட்டுக்குள்ளேயே நாறியது. நாற்றம் படி வழியாக இறங்கி என் சோற்றுத் தட்டு வரைக்கும் வந்தது. அவர்கள் திரும்பி வந்த அன்று பாங்க்காரி கூப்பிட்டாள், இவள் போய் ஃப்ரிட்ஜைக் கழுவிக் கொடுத்தாள். முடிந்ததும் பாங்க்காரி சாவியை நீட்டினாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அந்த வாய்க்கு அது பழக்கமில்லை.

இவள் வாங்கவில்லை.

“திருடின்னு எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொன்னீங்க. இல்லைன்னும் அப்படியே சொல்லுங்க. அப்புறம், கிளம்புற அன்னைக்கு என் கண்ணு முன்னால நீங்களே ஃப்ரிட்ஜைக் காலி பண்ணணும். பிளக்கைப் பிடுங்கிட்டு, நாறாம இருக்க ஃப்ரிட்ஜ் கதவு மூடாதபடி இடுக்குல ஒரு துணி வைக்கணும். மிச்சம் மீதி இருந்தா உங்க கையால குடுங்க, வாங்கிக்கிறேன். இனி நானா எதையும் எடுக்க மாட்டேன்.”

பாங்க்காரி படியில் நின்று சொன்னாள். குரல் தொண்டையைத் தாண்டவில்லை. “கேக்கலம்மா, எனக்குக் காது மந்தம்,” என்று கீழேயிருந்து கத்தினேன். இரண்டாம் தடவை எல்லோருக்கும் கேட்டது.

சாவிகள் திரும்பி வந்தன. எல்லாம் வரவில்லை. சிலர் இன்னும் செடியைக் காயவிட்டுத்தான் போகிறார்கள்.

யாராவது பெட்டி கட்டினால் சுவிட்சக்கா இப்போது வாசலுக்கு வெளியே நிற்கிறாள். கூப்பிடாமல் உள்ளே கால் வைப்பதில்லை. கொடுக்கிற மிச்சத்தை அவர்கள் வீட்டுப் பாத்திரத்தில் வாங்கிப் போனால், பாத்திரத்தையும் அமுக்கிவிட்டாள் என்று ஒரு நாள் பேச்சு வரும். அதற்காகவே கடைக்குப் போய் மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கு ஒன்று தன் காசில் வாங்கி வந்தாள். பேரம்கூடப் பேசவில்லையாம். முந்நூற்று அறுபது ரூபாய்.